சிவப்பு நூலுக்குக் கீழே

ஜூன் 4

என் வீட்டுக்காரருக்கு,

நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து பொழுது சாயும்வரை உங்களிடமிருந்து முப்பத்தொரு செய்திகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வார்த்தை. முதலில் வந்தது "பூனை". அரை மணி நேரம் கழித்து "அதனால்". பிறகு "உன்". மத்தியானம் முழுக்க ஒன்றையும் காணோம். பேரக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் "தலையணையில்", "இரண்டு", "சோப்பு" என்று மூன்று பேர் சேர்ந்தாற்போல் வந்து நின்றார்கள். கடைசி ஆளாக "அன்புள்ள" வந்து சேர்ந்தது, கல்யாணம் முடிந்த பிறகு வருகிற மாப்பிள்ளை மாதிரி.

வெட்டிய துணியைக் கலைத்துப் போட்டுவிட்டு, இதில் கை எது, காலர் எது என்று தேடுவது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே கண்ணாடி போட்டவள். எல்லா வார்த்தையையும் தாளில் எழுதி, கத்தரித்து, மேசையில் பரப்பி ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். நீங்கள் நலம், பூனை என் தலையணையில் படுக்கிறது, சோப்பு இரண்டு வாங்கியாயிற்று என்று தேறுகிறது. அந்த "அதனால்" மட்டும் எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. மிஞ்சிய பொத்தானைப்போல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, சோதனை பண்ணிப் பாக்கட்டும்னு ஆளுக்கு நூறு டோக்கன் குடுத்தோம். மூணு மாசத்துக்கு. அப்பா ஒரே நாள்ல அறுபத்திரண்டைத் தீத்துட்டாரு!"

ஒரு வார்த்தைக்கு எதற்கு இரண்டு டோக்கன் என்று நானும் விடாமல் கேட்டேன். அவள் கம்பெனி செய்கிற இந்தப் பிளாக்செயின் எப்படிப்பட்டது என்றால், ஊர் ஊராக ஆயிரம் கணக்கெழுத்தர்கள் உட்கார்ந்து, ஒரே நோட்டை ஆளுக்கொரு பிரதியாக எழுதி வருகிறார்களாம். நாம் ஒரு வரி அனுப்பினால் ஆயிரம் பேரும் அதை எழுதிச் சரிபார்க்க வேண்டும். தாமதம் அதனால். கூலியும் அதனால், டோக்கன் என்பது அந்தக் கூலிதான். நம் வரியைப் பூட்டிய பெட்டியாகத்தான் அவர்கள் வாங்கி வைப்பார்கள். திறக்கிற சாவி என் போனில் மட்டும். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் பெட்டிக்கென்று ஒரு கூலி உண்டு. நீங்கள் ஒரு பொத்தானுக்கு ஒரு லாரி வீதம் முப்பத்தொரு லாரி பிடித்திருக்கிறீர்கள். அதிலும் "உடனே", "மெதுவாக" என்கிற இரண்டு வழியையும் மாற்றி மாற்றி அமுக்கி இருக்கிறீர்கள். உடனே போகச் சொன்னது முன்னால் வந்தது. மெதுவாகப் போகச் சொன்னது கூட்டம் குறையும்வரை வரிசையில் நின்றது.

திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையால் எனக்கு வந்த முதல் எழுத்து இது. யாராலும் அழிக்க முடியாதாம், மகளே சொன்னாள். முப்பத்தொன்றும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 9

என் வீட்டுக்காரிக்கு,

இது ஒரே செய்தி. முதலில் நோட்டில் எழுதினேன். பிறகு ஒரு விரலால் நாலு நாளாகப் போனில் ஏற்றினேன். முதியோர் வகுப்பு டீச்சரிடம் திருத்தக் கொடுக்கவில்லை. என்னோடு படிக்கிற காய்கறிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டேன். "என்ன பெரியவரே, காதல் கடிதமா?" என்றார். "ரேஷன் லிஸ்ட்" என்றேன்.

ஏன் வார்த்தை வார்த்தையாக அனுப்பினேன் என்று கேட்டாய். ஒரு வார்த்தையை எழுதி முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. முடிந்ததும் அது ஓடிவிடுமோ என்று பயம். கொதிகலனில் வேலை பார்த்தவன், அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்துதான் பழக்கம். இன்னொரு காரணமும் உண்டு. அனுப்பினால் பச்சையாக ஒரு டிக் விழுகிறது. எனக்கு இதுவரை யாரும் டிக் போட்டதில்லை.

அந்த "அதனால்" எதிலும் சேராது. அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நன்றாக இருந்தது. அனுப்பினேன்.

வெளியே போனால் எல்லாச் சுவரும் என்னிடம் பேசுகிறது. பஸ்ஸில் "படியில் நிற்காதீர்" என்று எழுதியிருக்கிறது. ஐம்பது வருஷமாக அந்த எழுத்துக்கு நேர் கீழே, படியில்தான் நின்றிருக்கிறேன். இருமல் மருந்தில் "நன்றாகக் குலுக்கவும்" என்று இருக்கிறது. ஒரு நாளும் குலுக்கியதில்லை. மேலே இருந்த தண்ணீரையெல்லாம் நான் குடித்துவிட்டு, அடியில் இருந்த மருந்தையெல்லாம் உனக்குக் கொடுத்திருக்கிறேன். அதுதான் உனக்கு மட்டும் சீக்கிரம் குணமாயிற்று.

எழுத்துக்கு எடை உண்டு, எடை ஏறினால் கூலியும் ஏறும் என்று மகள் போனில் சொன்னாள். ஒரு எழுத்துக்கு மூன்று. கொம்பு போட்டால் இன்னொரு மூன்று, கால் போட்டால் மூன்று, தலையில் புள்ளி வைத்தால் அதற்கும் மூன்று. கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி விலை சொல்ல இது என்ன மாட்டுச் சந்தையா என்று கேட்டேன். சிரித்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் தீராதா என்று நீ கேட்கலாம். என் காது கொதிகலன் காது. ஸ்பீக்கரில் போட்டு நீ கத்த வேண்டும், நான் கத்த வேண்டும். அங்கே மகள், மருமகன், மருமகனின் அம்மா. இங்கே மாடி வீட்டு டிரைவர். போன ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாளே, "அப்பா, நான் வேலைக்குத் திரும்பிட்டேன்ல, அம்மா இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமா?" என்று. நான் "சரி, சரி" என்றேன். மாடியிலிருந்து டிரைவர்கூட "அதான் சரின்னுட்டாரே, போனை வைம்மா" என்றான். அத்தனை காது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மனுஷன் வேறு என்ன சொல்வான்?

அதனால் இங்கே கேட்கிறேன். (பார், அதற்கு வேலை வந்துவிட்டது.) உனக்கு அங்கேயே இருக்க ஆசையா? மறைக்காமல் சொல். இதை நாம் இரண்டு பேரைத் தவிர எவரும் படிக்க முடியாது என்று மகள் அடித்துச் சொல்கிறாள்.

நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. இதற்கே பதினெட்டு டோக்கன் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

வீட்டுக்காரன்


ஜூன் 12

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் ஒரு "சரி" சொன்னால் சம்மதம். இரண்டு "சரி" சொன்னால் சம்மதம் இல்லை. இது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். மகளுக்குத்தான் தெரியாது, பாவம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வாண்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது. சம்பந்தியம்மா நல்ல மாதிரி. நான் மடித்த துணியை நான் போன பிறகு திரும்ப மடிப்பார், அவ்வளவுதான்.

இருக்க ஆசையா என்று என்னைக் கேட்கிறீர்கள். எப்போதும் இப்படித்தான். வீடு மாற்றலாமா என்றால் "உனக்கு எப்படி?" மகளை வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்றால் "நீ என்ன நினைக்கிறே?" முடிவை என் தலையில் கட்டிவிட்டு, பிறகு நான் செய்தது சரி, சரி என்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதை எப்போதோ எழுதிக் கேட்டாயிற்று. பதில்தான் வரவில்லை. வராததற்கு உங்கள்மேல் குற்றம் இல்லை.

இப்போது படிக்கத் தெரியும் அல்லவா? பரண்மேல் தகரப்பெட்டி இருக்கிறது. நாற்காலியில் ஏறாதீர்கள், டிரைவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துக் கொடுத்ததும் அவனை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 3

என் வீட்டுக்காரிக்கு,

மூன்று வாரமாகக் காணோம் என்று கவலைப்பட்டிருப்பாய். படித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்துநாலு கடிதம். முதல் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. கடைசிக் கடிதத்தை ஒரே உட்காரலில் முடித்தேன். டீச்சர் கேட்டார், "திடீர்னு இவ்வளவு வேகம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று. வீட்டில் ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது என்றேன்.

காகித ஆலையில் பதினோரு வருஷம் கொதிகலனுக்கு நெருப்புப் போட்டேன். ஊரெல்லாம் எழுதக் காகிதம் செய்தவனுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. விடுதியில் பதினாறு கட்டில், பதினாறு பேருக்கும் கொதிகலன் காது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஆலை ஸ்டோரில் கணக்கெழுதிய ஸ்டோர் அண்ணன் உட்கார்ந்து கடிதம் படிப்பார். நமக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியப் படிப்பார். ஒருவன் வீட்டுக் கடிதம் பதினாறு பேருக்கும் வந்த மாதிரி. கிரேன்காரனின் மாமியார் அவனை என்னவெல்லாம் திட்டினாள் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பதில் எழுதுவதும் அவர்தான். நான் "நலம்னு போடுங்கண்ணே" என்பேன். அவர் போடுவார்.

உன் கடிதத்தில் பாதித் தாளுக்குமேல் குறுக்கே சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருப்பாய். ஒவ்வொன்றிலும் உண்டு. ஸ்டோர் அண்ணன் அந்த நூல்வரை படிப்பார். பிறகு மடித்து என் கையில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை கேட்டேன், "அண்ணே, கீழே இன்னும் எழுத்து இருக்கே?" என்று. அவர் என்னைப் பார்த்து, "அது எனக்கு இல்லப்பா. நீ படிக்கக் கத்துக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். உன் தொழில் தையல், ஏதோ அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

இப்போது முதல் கடிதத்தில், நூலை ஒட்டி, பொடி எழுத்தில் படித்தேன்:

"வாசிக்கிற அண்ணனுக்கு வணக்கம். தயவுசெய்து இந்த நூலைத் தாண்ட வேண்டாம். இதற்குக் கீழே இருப்பது அவருக்கு மட்டும். அவர் படிக்கப் பழகும்போது படித்துக்கொள்ளட்டும். அவசரம் இல்லை."

வீட்டுக்காரி, நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கீழே என்னவெல்லாம் எழுதியிருக்கிறாய்! ஐந்தாவது கடிதத்தில் என் அக்காவைத் திட்டியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது, இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டாவதில், ஒரு ஆளுக்குத் தேநீர் போடத் தெரியவில்லை, எப்படிப் போட்டாலும் இரண்டு டம்ளர் வந்துவிடுகிறது என்று இருக்கிறது. பதினெட்டாவது கடிதத்தில் இருப்பதை இங்கே எழுத மாட்டேன், பூட்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் சரி. அதை வைத்துக்கொண்டா நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டாய்?

மகள் கம்பெனிக்கு இதைச் சொல். ஆயிரம் எழுத்தர்களும் பூட்டும் சாவியும் இல்லாமல் ஒரு மனுஷன் பதினோரு வருஷம் ஒரு நூலைத் தாண்டவில்லை. கூலி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தேநீர். என்ன, செய்தி போய்ச் சேர முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு அவர் பொறுப்பில்லை. நான்தான் மெதுவான வழி.

இருபத்தொன்பதாவது கடிதத்தில் உன் கேள்வி கிடைத்தது.

"உங்கள் அக்கா பெண் பார்த்தார். என் அப்பா கொண்டுவந்து விட்டார். நான் தாய்வீட்டுக்குப் போனால் உங்கள் அம்மா ஆள் அனுப்பி அழைக்கிறார். இதுவரை நீங்களாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. எப்போதாவது ஒரு தடவை கூப்பிடுவீர்களா?"

நாலு நாள் யோசித்தேன். நீ சொல்வது உண்மை. நான் கூப்பிட்டதே இல்லை. நீ எப்படியும் இருப்பாய் என்று இருந்துவிட்டேன்.

பதிலை இந்தக் கடிதத்தின் வாலில் கட்டி அனுப்ப மாட்டேன். அது தனியாக வர வேண்டும். இதற்குப் பத்தொன்பது டோக்கன் போகிறது. ஒன்று மிச்சம் இருக்கும். மகளிடம் கேட்டால் இன்னும் தருவாள்தான். ஆனால் "அம்மாகிட்ட அப்படி என்னப்பா பேச்சு?" என்பாள். ஒன்று போதும்.

வீட்டுக்காரன்


ஜூலை 9

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் ஒற்றை டோக்கன் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அது புறப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். எப்படி என்று சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மகள் மடிக்கணினியோடு சமையலறைக்கு வந்தாள். நான் வாண்டுக்கு ஆப்பிளை மசித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பாகிட்டேர்ந்து ஒரு செய்தி அஞ்சு நாளா வரிசையில நிக்குது. ஒரே ஒரு டோக்கன் போட்டிருக்காரு. இந்தக் கூலிக்கு எவனும் எடுத்து எழுத மாட்டான். கூட்டம் சுத்தமா வடிஞ்சாத்தான் நகரும்."

"உள்ளே என்ன எழுதியிருக்காரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பூட்டியிருக்கே. எடை மட்டும்தான் தெரியுது. பூட்டோட எடையைக் கழிச்சா, ஆறு." அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "ஆறுல என்னம்மா சொல்ல முடியும்? 'சரி'ன்னாலே ஒன்பது ஆயிடும்."

என் கை நின்றுவிட்டது. ஒரு எழுத்துக்கு மூன்று, ஒரு காலுக்கு மூன்று என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தக் கணக்குக்கு எனக்குத் தாள் தேவைப்படவில்லை.

"'வா'ன்னு எழுதியிருக்காரு" என்றேன்.

மகள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "'போ'ன்னாலும் ஆறுதாம்மா."

"போன்னு சொல்ல உங்கப்பா டோக்கன் செலவழிக்க மாட்டாரு. அதை எப்பவும் இலவசமாத்தான் சொல்லுவாரு."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, இது தப்பாச்சே! அளவை வெச்சே உள்ளே இருக்கிறதைக் கண்டுபிடிச்சுட்ட. எல்லாப் பெட்டியையும் ஒரே அளவாப் பண்ணணும். ஆபீஸ்ல சொல்லணும்."

"சொல்லு. நாளைக்குச் சொல்லு" என்றேன்.

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "போகணும்னு இருக்காம்மா?" நான் மசித்த ஆப்பிளையே திரும்ப மசித்தேன். அவள் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆபீஸ் பக்கத்துலயே குழந்தைகள் காப்பகம் இருக்கு. போன மாசமே இடம் சொல்லி வெச்சுட்டேன். நான் இருன்னு சொல்லலேன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் ஒரு வருஷம்னு சொன்னேன்."

"நான் போறேன்னா நீ வருத்தப்படுவியேன்னு நானும் வாயைத் திறக்கலை."

"அப்பாவும் சரி சரின்னாரு."

"அதை நீ கவனிச்சிருக்கணும். ரெண்டு தடவை சொன்னாரு."

மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சரி சொல்லி என்னை ஒரு வருஷத்துக்கு இங்கே கட்டிப்போடப் பார்த்திருக்கிறோம். மருமகன் வியாழக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார். மழை நின்றதும் அவர்கள் வாண்டோடு அங்கே வந்து பத்து நாள் இருப்பார்கள்.

மகள் கேட்டாள், இன்னும் ஒரு டோக்கன் அவளே போட்டு உங்கள் செய்தியை முன்னால் தள்ளிவிடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். நீங்கள் போட்டது போதும். அது வருகிற வேகத்தில் வரட்டும். நான் அதற்கு முன்னால் வந்துவிடுவேன். காலை பத்தே முக்காலுக்கு ரயில் அங்கே வந்து சேரும். என் தலையணையிலிருந்து பூனையை எழுப்பி வையுங்கள்.

நிலையத்தில் ஒரு தடவை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 15
நம் வீட்டுச் சமையலறை மேசைமேல், சர்க்கரை டப்பாவுக்கு அடியில்

என் வீட்டுக்காரிக்கு,

நீ தூங்குகிறாய். பூனை உன் காலடிக்கு இறங்கிவிட்டது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் வகுப்புக்குப் போகிறேன். டோக்கன் தீர்ந்துவிட்டதால் காகிதம். இதற்குக் கூலி கிடையாது. வேகம், நீ எழுந்து சர்க்கரையைத் தேடுகிற நேரம்.

நிலையத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மெல்லத்தான் சொல்ல நினைத்தேன். என் குரல் என் காதுக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. நடைமேடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெட்டி தூக்குகிறவர் "இதோ வந்துட்டேன் சார்!" என்று ஓடி வந்தார். ரகசியம் காக்க ஆயிரம் பேர் பாடுபட்ட வார்த்தையை நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். நீ முகத்தை மூடிக்கொண்டு நின்றாய். அழுகிறாயோ என்று பயந்தேன். கையை எடுத்த பிறகுதான் சிரிக்கிறாய் என்று தெரிந்தது.

இன்று விடிந்ததும் உன் போன் "டிங்" என்றது. நீ எழவில்லை. எடுத்துப் பார்க்கவில்லை, சாவி உன்னுடையது. ஆனால் அது வந்துவிட்டது என்று தெரிகிறது. பதினொரு நாள். எனக்கு அது வேகம்தான்.

நேற்று உன் தையல் பெட்டியைத் திறந்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஊசியில் நூல் கோக்கவே அரை மணி நேரம். விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டேன். தையல் கோணல்தான், உன் கண் அங்கேதான் போகும் என்று தெரியும். சிவப்பு கிடைத்துவிட்டது, அது போதும்.

இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். வேறு யார் கையில் இந்தத் தாள் அகப்பட்டாலும், ஸ்டோர் அண்ணனைப்போல் நூலோடு நின்றுகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– – – – – – – – – – – – – – – –